நூற்று இருபதுக்கு எண்பது

குழாய் உடைந்து கொட்டிய பாதரசம் மறுநாள் காலை ஏழே காலுக்குக் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றது. கண்ணாடி இல்லை, பிடிமானம் இல்லை, பென்சில் கனத்தில் ஒரு வெள்ளிக் கம்பம், தரையிலிருந்து நூற்று நாற்பத்தாறு மில்லிமீட்டர். கம்பவுண்டர் அதை அடிஸ்கேல் வைத்து அளந்தார். ஸ்கேல் சாய்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார். நூற்று நாற்பத்தாறேதான். வேறு யாராவதாக இருந்தால் வாசலுக்கு ஓடிப்போய் ஊரைக் கூட்டியிருப்பார்கள். முப்பத்தாறு வருஷம் எண்களையே பார்த்துப் பழகிப்போன இவருக்குத் தோன்றியதெல்லாம், தன் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்பதுதான். எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார். வருவதற்குள் அது நூற்று நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரிடம் வேலை பார்த்த காலத்தில் கம்பவுண்டர், டாக்டர் போய்ச் சேர்ந்து அந்த இடம் செல்போன் கடையான பிறகு பிரஷர்காரர். டாக்டரின் பாதரசப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வீடு வீடாகப் போவார். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, பாதரசம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லுவார். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு முறியப்போகிறது, எந்த மருமகள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் வக்கீலுக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. பிறகு பாட்டரியில் ஓடும் இயந்திரம் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கி அனுப்பினார்கள். முப்பது வீடு பத்து வீடாயிற்று, பத்து இரண்டாயிற்று, ஒரு மழைக்காலத்தில் அந்த இரண்டும் நின்றுபோயின. பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே இறங்கும், ஏனென்றால் ஞாயிறுதோறும் மனைவி அவருக்குப் பிரஷர் பார்ப்பாள்.

அவள் பார்ப்பது ஒரு சடங்குதான். பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பந்தை அமுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, இருபத்தொன்பது வருஷமாக ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "நூத்தி இருபதுக்கு எண்பது. எதுக்கும் மாத்திரையப் போட்டுக்குங்க." அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதில் பாதரசம் நூற்று ஐம்பதில், நூற்று அறுபதில் நிற்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். பொய்யைப் பொய் என்று தெரிந்தும் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை, மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. ஊருக்கெல்லாம் உண்மையான எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதருக்கு, வாரத்தில் ஒருநாள் இந்தப் பொய் வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட இல்லை. மகள் கல்யாணமாகி எட்டு மணி நேரப் பயணத்தூரத்தில் இருந்தாள். மனைவிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் இல்லை.

அதன் பிறகு தனக்குத்தானே பார்த்துக்கொள்ள முயன்றார். ஒரு கை பட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் ஒரே கைதான் பந்தையும் அமுக்க வேண்டும், ஸ்டெதாஸ்கோப்பையும் பிடிக்க வேண்டும், திருகையும் தளர்த்த வேண்டும். இரண்டு தடவை பார்த்தால் இரண்டு எண் வந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெட்டியை அலமாரி மேல் வைத்தவர், ஒரு வருஷம் கழித்துத் தூசி தட்டும்போதுதான் மறுபடி தொட்டார். கை நழுவியது. பெட்டி தரையில் விழுந்து குழாய் நொறுங்கியது. பாதரசம் குபுக்கென்று வெளியே வந்து கூடம் முழுக்க ஓடியது.

பாதரசம் கொட்டினால் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடையும்போதெல்லாம் டாக்டர் கத்திய கத்து இன்னும் காதில் இருந்தது. ஆனால் பிறவியிலேயே சுத்தக்காரர். தரையில் ஒன்று கொட்டினால் மூளை யோசிப்பதற்குள் கை துடைப்பத்துக்குப் போய்விடும். துடைப்பம் ஒன்றைப் பத்தாக்கியது, பத்தை நூறாக்கியது. நூறும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலும் தரைக்கல் இடுக்குகளிலும் ஒளிந்துகொண்டன. கைக்கு அகப்பட்டதை வெறும் உள்ளங்கையாலேயே வழித்து ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டார். நிமிர்ந்து பார்த்தபோது விரலில் இருந்த கல்யாண மோதிரம் வெள்ளையாகியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். தங்கம் திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில்தான் அது எழுந்து நின்றது.

அன்றிலிருந்து பதினான்கு மாதம் ஒருநாள் தவறவில்லை. ஏழடிக்கும்போது இடுக்குகளிலிருந்து மணிகள் வெளியே உருண்டு வரும். டப்பாவில் இருப்பது மூடியை நெம்பிக்கொண்டு இறங்கி வரும். எல்லாம் கூடத்தின் நடுவில் கூடி, ஏழே காலுக்கு எழுந்து, அவருடைய நாடித்துடிப்புக்கு ஏற்ப மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நிற்கும். வெளியே போனால் படுத்துவிடும், வாசற்கதவுச் சத்தம் கேட்டால் எழும். அவர் வருகைக்காக எழுந்து நிற்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதால், அது அவருக்குப் பெரிதாகப்பட்டது.

யார் உள்ளே வந்தாலும் வந்தவருடைய எண்ணையும் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். மின்கணக்கு எடுக்க வந்தவருக்கு நூற்றுத் தொண்ணூறு போயிற்று. பாவம், காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கியவர். கம்பவுண்டர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அரைமணி நேரம் கழித்துத்தான் விட்டார். ஓட்டுக் கேட்க வந்தவர் பதினொரு வாக்குறுதி கொடுத்தார். கொடுத்த நேரம் முழுக்க நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை. இருவரும் அந்தக் கம்பத்தைப் பார்த்தார்கள். ஏதோ புது மாதிரி விளக்கு என்று நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. மகள் போனில் கூப்பிட்டு, "எப்டிப்பா இருக்கீங்க?" என்பாள். "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அது நூற்று எண்பத்தெட்டுக்கு ஏறி நிற்கும். மனிதர் மெதுவாக அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச்சைத் தொடருவார். எட்டு மணி நேரத் தூரத்தில் இருப்பவளுக்குத் தெரியாததை அது தெரிந்துவைத்திருந்தது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், நிறைய ஆறுதலாகவும் இருந்தது.

காற்றடித்தால் அது வளைந்தது. அதனால் சன்னல்களை மூடினார், மின்விசிறியை நிறுத்தினார். நாளாக ஆக விரல்கள் நடுங்கத் தொடங்கின. டம்ளரை எடுத்தால் பாதித் தேநீர் சட்டையில்தான். ஈறு வீங்கியது. எதைத் தின்றாலும் வாயில் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. தூக்கம் போயிற்று. யாரையும் அதட்டியறியாத மனிதர், பால் பாக்கெட் போடும் பெண்ணிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தார். இவை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது: தனியாக இருந்தால் இப்படித்தான் ஆகும். தனிமையில் ஈறு வீங்கும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆனால் பழி போட வேறு யாரும் வீட்டில் இல்லை, பாதரசத்தின் மேல் பழிபோட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வருஷம் மகள் போனில் ஒரு செய்தி சொன்னாள். ஏழு மாதம் நடக்கிறது, படியேறக்கூடாது, ஓய்வில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள், கணவனுக்கு வெளியூர் வேலை. "அங்க வந்து இருக்கட்டுமாப்பா? சனிக்கிழமை வர்றேன். புள்ள பொறந்து கொஞ்ச நாள் ஆகுற வரைக்கும் இருப்பேன்." பாதரசம் இருநூறைத் தாண்டி நூல் போல மெலிந்து ஆடியது. சந்தோஷத்தில் அது அவ்வளவு உயரம் போனதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். "இதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு" என்றார்.

வீட்டைச் சுத்தம் செய்யும் வேகம் அவருக்குப் பிடித்துக்கொண்டது. மனைவியின் அலமாரியில் காலாவதியான மாத்திரைகள் இரண்டு பை நிறைய இருந்தன. பரணில் அரைத் தகரம் பெயிண்ட், துருப்பிடித்த பூச்சிமருந்து டப்பா, செத்துப்போன பாட்டரிகள், குளியலறை மூலையில் ஒரு பாட்டில். இந்த மாதிரிச் சாமான்களை வாங்கிக்கொள்ள நகராட்சியின் பச்சை வண்டி ஒன்று மாதாமாதம் இரண்டாவது புதன்கிழமை தெருமுனையில் வந்து நிற்கும். தெருக்காரர்கள் அதை மதித்ததாகச் சொல்ல முடியாது. அமிலத்தைக் கழிவறையில் ஊற்றினார்கள், பெயிண்டைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள், டியூப் லைட்டைக் குப்பைத்தொட்டியில் குத்தி நட்டார்கள், வண்டிக்கு ஆலோசனை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்கள். வண்டியில் இருந்தவர் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண். முழங்கை வரை மஞ்சள் கையுறை போட்டிருப்பதால் கையுறையம்மா. அவரிடம் மூன்றே கட்டளைகள்தாம். எது எந்தப் புட்டியில் வந்ததோ அதிலேயே இருக்கட்டும், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே, ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழிக்காதே.

கம்பவுண்டர் கொண்டுவந்த சாமான்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். கடைசியாகக் குளியலறைப் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னங்கய்யா?"

"ஆசிட்டும்மா. கழுவுறதுக்கு."

"குடிக்கிற தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கீங்க. தாகத்துல யாராச்சும் எடுத்து வாயில கவுத்துக்கிட்டா?"

முப்பத்தாறு வருஷம் மருந்துப் புட்டிகளுக்குச் சீட்டெழுதி ஒட்டிய மனிதருக்குத் தலை நிமிரவில்லை. கையுறையம்மா ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, உள்ளே இருப்பது என்ன, எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டின் போன் எண் என்ன என்று கொட்டை எழுத்தில் எழுதி, பாட்டிலில் ஒட்டினார். வண்டிக்குள் போகும் எதுவும் அநாதையாகப் போகக்கூடாது என்பது அவருடைய வேலைமுறை. பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கம்பவுண்டர் பேனாவை வாங்கினார். பேனா நடுங்கியது. கையுறையம்மா முதலில் நடுக்கத்தைப் பார்த்தார், பிறகு மோதிரத்தை.

"பாதரசத்தக் கையால தொட்டிருக்கீங்க."

அவர் மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"இன்னும் வீட்ல இருக்கா?"

"இருக்கு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும்மா. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

"வீட்ல வேற யார் இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல. சனிக்கிழம பொண்ணு வர்றா. ஏழு மாசம்."

கையுறையம்மா பதிவேட்டை மூடினார். வண்டியோட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அவருடன் நடந்து வந்தார்.

கதவு திறந்ததும் அது எழுந்து நின்றது. நூற்று அறுபத்தெட்டு. கையுறையம்மா எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விபரீதங்களைப் பார்த்தவர் என்பதால் கூச்சல் போடவில்லை. வாசலிலேயே நின்று, மூடிய சன்னல்களையும் நின்றுபோன மின்விசிறியையும் பார்த்து உச்சுக்கொட்டினார். கம்பவுண்டருக்கோ பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "இது எனக்கில்ல, உங்களுக்கு. வேகமா நடந்து வந்தீங்க, அதனாலயும் இருக்கும். வெளித் திண்டுல அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க" என்றார். ஐந்து நிமிஷம் கழித்தும் நூற்று அறுபத்து நான்கு.

"இதுக்கு முன்ன பிரஷர் பாத்திருக்கீங்களா?"

"யாரு பாக்குறது?"

"வீட்ல யார் இருக்கா?"

"வீடு இருக்கு" என்றார் கையுறையம்மா.

அந்தப் பதிலின் எடை கம்பவுண்டருக்குத் தெரியும். ஒரு துண்டுச்சீட்டில் நல்ல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். கையுறையம்மா அதை மடித்து வைத்துக்கொண்டு தன் பக்கத்து விஷயத்தைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாமல் அது ஆவியாகி வீடெல்லாம் நிறைந்திருக்கிறது, நடுக்கமும் ஈறும் தூக்கமின்மையும் அதன் வேலைதான், பெரியவருக்கு இவ்வளவு என்றால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மூடி போட்டு வைக்கட்டுமா என்று கேட்டார் கம்பவுண்டர். வேண்டாம் என்றார். சாக்கடையில் விட்டுவிடவா என்று கேட்டார். அது சாக்கடையோடு போய் மீன் வழியாக வேறு யாருடைய மகள் தட்டுக்காவது வந்து சேரும் என்றார். பதினான்கு மாதமாகத் தன்னை விசாரித்துக்கொண்டிருந்த ஒன்றே ஒன்று தன் பேரப்பிள்ளைக்கு விஷம் என்பதை ஒப்புக்கொள்ளக் கம்பவுண்டருக்கு ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் ஏழே காலுக்கு அது வழக்கம்போல எழுந்தது. எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மகள் வருவதைப் பற்றியும் வேறு வழியில்லாததைப் பற்றியும் சொன்னார். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர்தான் அழுதார். ஒன்பது மணிக்குக் கையுறையம்மா முகமூடியும் பெட்டியுமாக வந்து, சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, அவரை வெளியே அனுப்பினார்.

இரண்டு நாள் வேலை அது. கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் இடுக்குகளில் மணிகள் மின்னும். கெட்டி அட்டையால் ஒன்றை ஒன்றின் பக்கம் தள்ளிச் சேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். உறிஞ்ச முடியாத பொடிகளை ஒட்டுநாடாவில் ஒற்றினார். கல் இடுக்குகளில் கந்தகப் பொடியைத் தூவினார். துடைப்பம், கால்மிதி, கம்பவுண்டரின் வீட்டுச் செருப்பு, உடைந்த பெட்டி எல்லாம் தனித்தனிப் பைகளில் கட்டப்பட்டன. கம்பவுண்டர் வெளித் திண்டில் உட்கார்ந்து, கையுறையம்மாவுக்கு அவ்வப்போது, "குனிஞ்சே இருக்காதீங்க, தலை சுத்தும்" என்று குரல் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை கையுறையம்மா கதவருகில் வந்து நின்று, கையை நீட்டினார்.

"மோதிரமும்தாங்கய்யா."

"நகைக்கடைல குடுத்து உருக்கிக்கிறேனே."

"உருக்குறவர் மூக்குக்குள்ள போகும்."

கழற்றச் சிரமமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். விரல் மெலிந்துபோயிருந்ததால் அது தானாகவே வழுகி வந்தது. கையுறையம்மா அதைச் சின்ன உறையில் போட்டுப் பாதரசக் குப்பியோடு சேர்த்துக் கட்டினார். உயரமான, கனத்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குப்பி. மூடியைத் திருகி, மேலே நாடா சுற்றி, சீட்டு ஒட்டினார். பாதரசம், கம்பவுண்டர் வீடு, போன் எண். வண்டி புறப்பட்டபோது முன்னிருக்கையில் குப்பிக்குள் அது எழுந்து நின்று மூடியை முட்டிக்கொண்டிருந்ததைத் தெருமுனை திரும்பும் வரை கம்பவுண்டர் பார்த்தார்.

மகள் வந்தாள். பேத்தி பிறந்தாள், மூன்று கிலோ, குறை ஒன்றும் இல்லை, அழுகை மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கு உரியது. ஐந்து மாதம் சன்னல்கள் மூடப்படவே இல்லை. கம்பவுண்டரின் ஈறு ஆறியது, விரல்கள் அடங்கின, பால் பாக்கெட் போடும் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் எதற்கென்றே மறந்துபோயிருந்தாள். பிறகு மருமகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது மகள் பாட்டரியில் ஓடும் பிரஷர் இயந்திரம் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, "தெனம் பாத்து எழுதி வையுங்கப்பா" என்றாள். கார் மறைந்ததும் உள்ளே வந்தார். கூடத்தில் எதுவும் எழுந்து நிற்கவில்லை. குழந்தையின் அழுகைக்குப் பழகிய காது, அது இல்லாமல் அடைத்துக்கொண்டது போலிருந்தது. மனைவி போனபோதும் வீடு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

மறுநாள் காலை ஏழே காலுக்குப் போன் அடித்தது.

"ஐயா, நூத்தி எழுபத்தி நாலு. என்னாச்சு?"

கையுறையம்மா நகராட்சிக் கிடங்கிலிருந்து பேசினார். குப்பி அங்கே இரும்பு அலமாரியில் இருந்தது. ஐந்து மாதமாக நூற்று முப்பதில் சமர்த்தாக ஆடிக்கொண்டிருந்ததாம், அதனால் கூப்பிட வேண்டியிருக்கவில்லையாம். இன்றைக்கு வேலைக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரேயடியாக ஏறிப்போய் நிற்கிறதாம். சீட்டில் எண் இருந்ததால் கூப்பிட்டாராம். கம்பவுண்டர் மகள் போனதைச் சொன்னார். மாத்திரை போட்டீர்களா என்று கையுறையம்மா கேட்டார். மறந்துவிட்டேன் என்றார். அடுத்த நாளும் ஏழே காலுக்குப் போன் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீளாத பேச்சு. அவர் எண்ணைச் சொல்லுவார், இவர் மாத்திரையைப் பற்றிச் சொல்லுவார். "உங்க குரலு இன்னைக்குக் கனமா இருக்கு, நீங்க போட்டீங்களா?" என்று இவரும் கேட்டுவைப்பார். இயந்திரத்தை எடுத்துக் கையில் மாட்டி ஒத்துப்பார்த்தார், கையுறையம்மா சொன்ன எண்ணிலிருந்து ஒன்றுகூடப் பிசகவில்லை. போனில் அந்த அழைப்பைப் பாதரசம் என்றே பதிந்து வைத்துக்கொண்டார், ஏனென்றால் அந்த அம்மாவின் பெயர் என்னவென்று அவர் கேட்கவே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கிடங்குச் சரக்கு வேறொரு ஊரிலுள்ள ஆலைக்குப் போக வேண்டும். அங்கே பாதரசத்தைக் கந்தகத்தோடு அரைப்பார்கள். அது கறுப்புப் பொடியாகும், டிரம்மில் அடைத்துக் கான்கிரீட் கட்டுக்குள் வைத்துவிடுவார்கள். பொடியானால் எழாது, ஆவியாகாது, யாருக்கும் தீங்கு இல்லை. கையுறையம்மா நினைத்திருந்தால் ஒரு குப்பியை மட்டும் அலமாரியின் பின்வரிசையில் தள்ளிவைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு வாரம் முன்பாகவே கம்பவுண்டரிடம் சொன்னார். சொல்லும்போது அந்த அம்மாவின் குரல்தான் தடுமாறியது.

"முறைப்படி செய்ங்கம்மா" என்றார் கம்பவுண்டர். "அத வெச்சுக்கிட்டு நான் பட்டது போதும். உங்க கிடங்குலயும் நாலு பேரு மூச்சு விடணும்ல."

வண்டி செவ்வாய்க்கிழமை போயிற்று. போய்ச் சேர்ந்தது, அரைத்தாயிற்று என்று அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கிடங்குக்குத் தகவல் வந்தது. அதுவரை காலைதோறும் குப்பி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவந்த கையுறையம்மா, அதையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதற்குமேல் கூப்பிடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பவுண்டர் ஆறரைக்கே குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் கொடுத்த இயந்திரத்தை எடுத்துக் கையில் மாட்டிப் பொத்தானை அமுக்கினார். அது உறுமி, இறுக்கி, தளர்ந்து, நூற்று எழுபத்தொன்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. மணி ஏழே கால். ஏழு பதினாறு. தெருவில் பால் வண்டி போனது. ஏழு பதினேழு. இவ்வளவுதான், இனிமேல் இப்படித்தான் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டபோது போன் அடித்தது.

"ஐயா" என்றார் கையுறையம்மா. காலியாகிவிட்ட இரும்பு அலமாரியின் கதவு மூடப்படும் ஓசை கேட்டது.

"நூத்தி இருபதுக்கு எண்பது. எதுக்கும் மாத்திரையப் போட்டுக்குங்க."

கம்பவுண்டர் தலையைத் தூக்கினார். எதிரே அலமாரிக் கண்ணாடியில் இயந்திரத்தின் எண் வலம் இடமாக மாறித் தெரிந்தது. நூற்று எழுபத்தொன்று, கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த வாக்கியம் அந்த அம்மாவின் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. "சரிம்மா, போட்டுக்கிறேன்" என்றார். கையிலிருந்த பட்டையைக் கழற்றினார். சமையலறைக்குப் போய் மாத்திரையை விழுங்கினார். திரும்பி வந்து இயந்திரத்தின் முதுகைத் திறந்து, நான்கு பாட்டரிகளையும் வெளியே எடுத்து, இரண்டாவது புதன்கிழமைக்கு என்று ஒரு டப்பாவில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டெழுதி ஒட்டினார்.

அந்த வீட்டில் இன்றைக்கும் காலை ஏழு பதினேழுக்குப் போன் அடிக்கிறது. கம்பவுண்டருக்கு நூற்று இருபதுக்கு எண்பது.